ஊர்வலக் குதிரையின் வெறும் வயிறு

1. ஆம்பூரில் கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் நூரி என்ற வெள்ளைக் குதிரை, சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதெல்லாம் கடிக்க வந்தது.
2. வாணியம்பாடியில் ஒரு மண்டப வாசலில், மாப்பிள்ளை ஏறும் நேரத்தில் பின்னங்காலால் உதைத்தது. யாருக்கும் அடிபடவில்லை. பக்கத்தில் இருந்த அலங்கார விளக்கு உடைந்தது. மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குள் போனார்.
3. குதிரைக்குத் திமிர் ஏறிவிட்டது என்று சொல்லி, உரிமையாளர் அன்வர் பாய் அதை விற்க முடிவு செய்தார். வாங்க வருபவர், செங்கல் சூளைகளுக்குக் குதிரை பிடித்துக் கொடுக்கும் வாலாஜாபேட்டை வியாபாரி.
4. விற்பதற்கு முன் ஒரு தடவை டாக்டர் பார்க்கட்டும் என்று அன்வர் பாயின் மனைவி ஷமீம் பிடிவாதம் பிடித்தார்.
5. நூரியின் வயிற்றுக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.
6. மேலும் பார்த்தோம். தெரிந்தது.
7. வைத்தியம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

நம் கால்நடை மருத்துவமனையில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களிடம் நூரியின் கேஸ் ஷீட்டைக் கொடுத்தால், இந்த ஏழு வரிகளுக்கு மேல் அதில் அதிகம் இருக்காது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் என்ன நடந்தது, ஏழாவது எவ்வளவு பெரியது என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பணி அனுபவங்களை ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அதற்கு நிறைய காலம் இருக்கிறது. ஆனால் நான் மேல்படிப்புக்குப் போகிறேன். ஸ்கோப் உங்கள் கைக்கு வருகிறது. அதனால் முந்திக்கொள்கிறேன்.

அந்த ஸ்கோப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தோல் ஏற்றுமதி செய்யும் ஒருவர் தன் சவாரிக் குதிரைகளுக்காக வாங்கி, பிறகு நமக்கே கொடுத்துவிட்டது அது. மூன்று மீட்டர் நீளம். மனிதர்களுக்கான ஸ்கோப் குதிரையின் வயிற்றை எட்டாது என்பதால், இது இல்லாத காலத்தில் குதிரைக்கு வயிற்றுப்புண் என்பதை நாம் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதிலும் ஒரு வழக்கமான எண்ணம் உண்டு: வயிற்றுப்புண் பந்தயக் குதிரைக்கு வரும், பணக்காரர் வீட்டுக் குதிரைக்கு வரும், தெருவில் நடக்கிற குதிரைக்கு வராது. ஸ்கோப் வந்த பிறகும் அதை அந்த ஏற்றுமதியாளரின் குதிரைகளுக்கு மட்டுமே எடுத்தோம். நூரிதான் முதல் தெருக்குதிரை.

ஷமீம் முதலில் போனில்தான் பேசினார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் துண்டுகளைச் சோதித்துப் பிரிக்கும் வேலை அவருக்கு. மதிய இடைவேளையில் அழைத்திருந்தார். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. திமிர் புடிச்ச குதிரை, கொள்ளு வெச்சா வேணாம்னு தள்ளுமா?"

"தள்ளாது. ஏன் கேக்கறீங்க?"

"எங்களது தள்ளுது மேடம். ரெண்டு வாய் தின்னுது, அப்பறம் சும்மா நிக்குது. பல்லைக் கடிக்குது. எங்க வீட்டுக்காரரு திமிருன்றாரு. எங்கூட வேலை செய்றவளுக்கு அல்சர். அவளும் டிபன் பாக்ஸைத் தொறந்து ரெண்டு வாய் தின்னுட்டு இப்படித்தான் மூடி வெச்சிடுவா. அதான் கேட்டேன்."

மேலும் கேட்டேன். ரோமம் மங்கியிருக்கிறது. விலா எலும்பு லேசாகத் தெரிகிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது. பட்டை இறுக்கும்போது மட்டும் கடிக்க வருகிறது, மற்ற நேரம் இவர் தோளில் தலை வைத்து நிற்கிறது. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் பத்து நோய்களைச் சொல்லலாம். சேர்ந்து வந்தால் ஸ்கோப்பை எடுக்க வேண்டும்.

"வியாழக்கிழமை காலையில கூட்டினு வாங்க. முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல தீனி எதுவும் குடுக்கக் கூடாது. வயிறு காலியா இருந்தாத்தான் உள்ள தெரியும்."

"அது ஒண்ணும் பேஜாரே இல்ல மேடம். பட்டினி அவளுக்குப் பழக்கந்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஷீட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஏன் பழக்கம் என்று அப்போது தெரியாது. உரிமையாளர் சாதாரணமாகச் சொல்லும் எதையும் எழுதிவையுங்கள். அவர்களுக்கு அது சாதாரணம். குதிரைக்கு அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை.

வியாழக்கிழமை டெம்போவில் நூரி வந்தது. கூடவே அன்வர் பாயும் வந்தார், விருப்பமில்லாமல். வெள்ளை ஜிப்பா, மருதாணி வைத்த தாடி. பேச்சில் ஒளிவு மறைவு இல்லை.

"மேடம், இவ தொல்லை தாங்காமத்தான் வந்தேன். நாளைக்கி ஜும்மா தொழுகை முடிஞ்சதும் வாலாஜா யாவாரி வர்றான். வார்த்தை குடுத்தாச்சி. நீங்க பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா இவளும் அடங்கிடுவா."

"இருக்குதுன்னு சொன்னா?" என்றார் ஷமீம்.

"இருந்தா சொல்லட்டும். பந்தயக் குதிரைக்கு வர்ற வியாதி, ஆம்பூர் பஜார்ல நடக்கறதுக்கு வருதாமா?"

"பந்தயக் குதிரையாவது மைதானத்துல ஓடுது. இது பேண்டு செட்டுக்கும் பட்டாசுக்கும் நடுவுல நடக்குது. யாருக்கு வயிறு கலங்கும்?"

நூரி நின்றபடியே கிறங்கும் அளவுக்கு மயக்க மருந்து கொடுத்தோம். நம் உதவியாளர் டில்லி அண்ணன் தலையைத் தாங்கிக்கொண்டார். நம் தலைமை மருத்துவர் பக்கத்தில் நின்றார். குழாயை மூக்கு வழியாக உள்ளே விட்டேன். எப்படி விடுவது, எப்போது காற்று ஊதுவது என்பதையெல்லாம் பயிற்சியில் கற்றுக்கொள்வீர்கள். இங்கே அது வேண்டாம்.

குதிரையின் வயிற்றுக்குள் இரண்டு நிறம் உண்டு. மேல்பாதி வெளிறிய நிறம், கிட்டத்தட்டத் தோல் மாதிரி. கீழ்பாதி சிவப்பு, ஈரப் பட்டு மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. திரையில் முதலில் வந்தது மேல்பாதி. வெளிறி, வழவழப்பாக, குற்றமில்லாமல் இருந்தது. கோட்டின் அருகே கொஞ்சம் நுரையும் தீனித் துணுக்குகளும் ஒட்டியிருந்தன. அதற்குக் கீழே தேங்கிய நீர்.

அன்வர் பாய் திரையை ஆர்வமாகப் பார்த்தார். "இதான் உள்ளயா? பளிங்கு மாதிரி இருக்குதே! எப்படிப்பட்ட தீனி போட்டிருக்கேன் பாருங்க மேடம்."

ஷமீமின் கை, துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நூரியின் காது அசைந்தது. மயக்க மருந்தின் வேகம் குறைகிறது என்று அர்த்தம்.

"எடுத்துடும்மா," என்றார் தலைமை மருத்துவர். "தெளியுது. குழாய் தொண்டையில மடங்கி வாய்க்குள்ள வந்துச்சுன்னா ஒரே கடிதான். இன்னொரு ஸ்கோப்புக்கு நாம எங்க போறது?"

அவர் சொன்னது நியாயம். ஆபத்தும் உண்மை. நான் குழாயை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் வரிசைப்படுத்தினேன்.

ஒன்று, வெளியே எடுத்துவிட்டு "புண் இல்லை" என்று எழுதலாம். நாளை நூரி சூளைக்குப் போகும். இரண்டு, வெளியே எடுத்துவிட்டு வேறொரு நாள் வரச் சொல்லலாம். வேறொரு நாள் கிடையாது. மூன்று, இன்னும் மருந்து கொடுத்து, நீரை உறிஞ்சி, நுரையைக் கழுவி, பார்க்காத இடத்தைப் பார்க்கலாம். ஸ்கோப்புக்கு ஆபத்து. குதிரை தள்ளாடி விழவும் வாய்ப்புண்டு. அத்தனைக்குப் பிறகும் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

"சார், இன்னும் பாதிதான் பாத்திருக்கோம்."

"பாத்த பாதி நல்லா இருக்குதே."

"பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுதலாம் சார். வயித்துல ஒண்ணும் இல்லன்னு எழுத முடியாது. முதல்லதை எழுதினாலும் அவங்க காதுல ரெண்டாவதுதான் விழும்."

அவர் நூரியின் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாதி டோஸ் போடறேன். டில்லி, தலையை விட்டே, உன்னைத் தொலைச்சிடுவேன்."

"தலை இங்கதான் சார் இருக்குது, எங்கயும் போகாது," என்றார் டில்லி அண்ணன்.

நீரை உறிஞ்சினோம். குழாய் வழியாகச் சுத்தமான தண்ணீர் பாய்ச்சினோம். ஒட்டியிருந்த துணுக்குகள் நகர்ந்ததும், கோட்டை ஒட்டியே ஒரு மஞ்சள் விளிம்பு தெரிந்தது. முனையை வளைத்து, வயிற்றின் உள்வளைவைச் சுற்றிக் கொண்டுபோனேன். அங்கே இருந்தன. ஒன்றில்லை, வரிசை. பிய்த்தெடுத்தது போன்ற பள்ளங்கள், மஞ்சள் ஓரங்கள். இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. இன்னும் கீழே, குடலுக்குள் திறக்கும் வாயின் அருகில் ஒரு சிவந்த திட்டு.

முதலில் வாயைத் திறந்தவர் ஷமீம்.

"அல்லாவே! கிரேனே போயிடுச்சே! இப்படி ஒரு பீஸ் எங்க டேபிளுக்கு வந்தா கையில கூட எடுக்க மாட்டோம் மேடம், அப்படியே ரிஜெக்ட்." தோலின் மேற்பரப்பைத்தான் அவர்கள் கிரேன் என்கிறார்கள்.

படங்களை எடுத்துக்கொண்டு குழாயை வெளியே இழுத்தேன். முழுதாக வந்தது. தலைமை மருத்துவர் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். "இனிமே இது உன் பொறுப்பு," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அது போதும். அன்று மட்டும் இல்லை, இன்றும் அதை நினைத்தால் நிமிர்ந்துதான் நிற்கிறேன்.

இந்த இடத்தில் கேஸ் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். புண்ணைக் கண்டுபிடித்தது பாதி. அது ஏன் வந்தது என்று தெரியாமல் மருந்து எழுதினால், மருந்து நிற்கும்போது புண் திரும்பி வரும்.

அன்வர் பாய் திரையில் நின்றுபோயிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வலிக்குமா மேடம்?"

"வலிக்கும் பாய். பட்டையை இறுக்கும்போது ஜாஸ்தி வலிக்கும்."

அன்வர் பாய் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வாணியம்பாடியில அன்னிக்கி அடிச்சிட்டேன்," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரலில்.

"நான் அன்னிக்கே சொன்னேன். வாயில்லாதது, அடிக்காதீங்கன்னு..." என்று ஷமீம் ஆரம்பித்தார்.

அந்த வாக்கியம் முடிந்தால் அன்வர் பாய் எழுந்து போய்விடுவார் என்று தோன்றியது. அவரிடம் நான் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. "அக்கா, நூரிக்கு முழுசா தெளியற வரைக்கும் பக்கத்துல தெரிஞ்சவங்க யாராவது நின்னா நல்லது," என்றேன். அது பொய்யும் இல்லை. ஷமீம் என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார், போனார்.

"பாய், ஒரு கல்யாண நாள் எப்படிப் போகும்னு காலையிலருந்து சொல்லுங்க. எல்லாம் வேணும்."

அவர் முகம் மெல்லத் தெளிந்தது. தன் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான். காலையில் குளிப்பாட்டுவது, குளம்புக்கு எண்ணெய், பிடரிக்குப் பின்னல், ஜரிகைப் போர்வை. சொல்லச் சொல்லக் கைகள் காற்றில் குதிரையை வரைந்தன.

"தீனி எப்ப குடுப்பீங்க?"

"விடிகாலையில கொஞ்சம் புல்லு. அதோட கட். ஊர்வலம் முடிஞ்சி வந்தப்பறம் ஒரு பக்கெட் நெறய கொள்ளு, தவிடு. அது இனாம் மாதிரி."

"நடுவுல ஒண்ணும் கெடையாதா?"

"எப்படி மேடம் குடுக்கறது? மண்டப வாசல்ல நிக்க வெச்சி வீடியோ எடுக்கறான். பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் நிக்கறாங்க. அங்க சாணி போட்டுச்சுன்னா? அந்த வீடியோ சாகற வரைக்கும் இருக்கும். எங்க அப்பா காலத்துலருந்து எங்க குதிரை ஒண்ணு கூட வாசல்ல அசிங்கம் பண்ணது இல்ல. ஊர்ல யாரை வேணா கேளுங்க. அதுக்காகத்தான் எங்களைக் கூப்படறாங்க."

முகூர்த்த மாதங்களில் இன்று ஒரு நிக்காஹ் ஊர்வலம், நாளை ஒரு மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் பேரணாம்பட்டு என்று தொடர்ந்து போகும். அத்தனை நாளும் நூரி பகல் முழுக்க வெறும் வயிற்றோடு நிற்கும். பட்டினி பழக்கம்தான் என்று ஷமீம் சொன்னதன் பொருள் இதுதான்.

மனிதனுக்குச் சாப்பாடு வரும்போதுதான் வயிற்று அமிலம் அதிகம் சுரக்கும். குதிரைக்கு அப்படி இல்லை. நாள் முழுக்க மேயும் உடம்பு என்பதால், தீனி வந்தாலும் வராவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். புல் இருந்தால் அது மேலே மிதந்து அமிலத்தை மூடி வைக்கும். வெறும் வயிற்றோடு நடந்தால் அமிலம் தளும்பி, பாதுகாப்பில்லாத மேல்பாதியைச் சுடும். அவருடைய குடும்பம் எதைப் பெருமை என்று நினைத்ததோ, அதுதான் நூரியின் வயிற்றை அரித்திருக்கிறது.

அதை எப்படிச் சொல்வது? என் வாயில் வந்த முதல் வாக்கியம், "நீங்க பட்டினி போட்டதாலதான் வந்தது" என்பது. உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்கும் மனிதனுக்கு இரண்டு வழிதான் இருக்கும்: தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வது, அல்லது என்னை முட்டாள் என்று முடிவு செய்வது. இரண்டாவது சுலபம். மறுநாள் வியாபாரி வேறு வருகிறான்.

"பாய், டேனரியில வேலை செய்றவங்களுக்குக் கையில தோல் உரியுது இல்ல? அது அவங்க தப்பா?"

"அது தொழிலு. கெமிக்கல்ல நிக்கறாங்க."

"இதுவும் தொழில் நோய்தான். ஊர்வலக் குதிரைக்கு வர்ற தொழில் நோய். ஊர் ஊரா இப்படித்தான் நடக்குது. இன்னிக்கி உள்ள பாத்ததாலதான் உங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது."

அமிலத்தைப் பற்றி விளக்கினேன். தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப ஊர்வலத்துக்குப் போற வரைக்கும் தின்னலாம்ன்றீங்க."

"தின்னலாம் இல்ல, தின்னணும். சேணம் போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கூட ரெண்டு கை காய்ஞ்ச புல்லு."

"வாசல்ல போட்டா?"

அந்தக் கேள்வியையும் ஷீட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். அமிலம் குறைக்கும் மருந்தும், ஒரு மாத ஓய்வும் எழுதிக் கொடுத்தேன். அந்த மாத முன்பதிவுகளை அவர், ஊர்வலக் குதிரை வைத்திருக்கும் தன் பெரியப்பா மகனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். விற்பாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கையில் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷமீம் அழைத்தார்.

"மேடம், யாவாரிக்கு டீ குடுத்து அனுப்பிட்டாரு! அவன் கேட்டான், 'இன்னா பாய், நேத்து வரைக்கும் சைத்தான்னு சொன்னீங்க'ன்னு. இவரு அந்த போட்டோவை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'நேத்து வரைக்கும் நான் இதைப் பாக்கல'ன்னாரு."

சாணிப் பிரச்சினைக்கும் அவர்கள் வீட்டிலேயே வழி பிறந்தது. வண்டிக் குதிரைகளுக்குப் பின்னால் சாக்குக் கட்டுவது போலக் கட்டலாம் என்று டில்லி அண்ணன் சொன்னபோது அன்வர் பாய் எகிறினார். "கல்யாணக் குதிரைக்குச் சாக்கா? அதுக்கு நான் மாப்பிள்ளையை ஆட்டோவுல ஏத்திடுவேன்!" ஷமீம் சண்டை போடவில்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட ஷூ உள்பக்கத் தோலை வாங்கி வந்து, பக்கத்து வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவரோடு உட்கார்ந்து, வெள்ளைத் தோலில் அகலமான ஒரு பை தைத்தார். ஜரிகைப் போர்வைக்குள் மறைந்துவிடும். முதல் பை பின்னங்காலில் இடித்தது. நூரி அதை உதைத்துக் கிழித்தது. இரண்டாவதைச் சேணத்தோடு வாரால் இழுத்துக் கட்டினார்கள். அதைக் கட்டிக்கொண்டு நூரி தினமும் வீட்டுச் சந்தில் நடந்தது. பேண்டு செட் பாட்டைச் செல்போனில் போட்டுக்கொண்டு அன்வர் பாய் முன்னால் நடந்தாராம். சந்தே வேடிக்கை பார்த்ததாம்.

ஓய்வு முடிந்து முதல் ஊர்வலம் ஆம்பூரிலேயே. எனக்கும் டில்லி அண்ணனுக்கும் அழைப்பு வந்தது. நான் குதிரையைப் பார்க்கப் போனேன். டில்லி அண்ணன் பிரியாணிக்காக வந்தார். அதை அவரே சொன்னார்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. முகத்தில் பூச்சரம் தொங்க மாப்பிள்ளை தயாராக நின்றார். நூரி ஷமீமின் கையிலிருந்த புல்லை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா பாய் இது, மாப்பிள்ளை நிக்கறாரு, குதிரை சாப்ட்டுனு இருக்குது?"

"மாப்பிள்ளை சாப்ட்டாரா?"

"அவரு அப்பவே சாப்ட்டாரு."

"அப்ப இவளும் சாப்டட்டும். தூக்கினு போறது இவதானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் பூச்சரத்துக்குள் சிரித்தார். அன்வர் பாய் சிரிக்கவில்லை. குனிந்து வயிற்றுப் பட்டையைப் பிடித்தார். இந்த ஒரு இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நூரி கடித்தால், இத்தனை பேர் முன்னால் கடித்தால், இனி ஆம்பூரில் யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள். வாலாஜாபேட்டை வியாபாரி மறுபடி வருவான். அவனுக்கு இன்னொரு டீ கிடைக்காது, குதிரைதான் கிடைக்கும்.

இழுத்தார். நூரி தலையைத் திருப்பியது. அன்வர் பாயின் ஜிப்பாத் தோளை முகர்ந்தது. பிறகு திரும்பி, மிச்சமிருந்த புல்லைக் கேட்டு ஷமீமின் கையை முட்டியது.

அன்வர் பாய் இன்னொரு துளை இறுக்கிவிட்டு, "ஏறுங்க மாப்பிள்ளை," என்றார்.

மண்டப வாசலில் வீடியோ விளக்கு எரிந்தது. பெண் வீட்டார் வரிசையாக நின்றார்கள். பேண்டு செட் உச்சத்தில் இருந்தபோது, நூரி வாலை உயர்த்தியது. அன்வர் பாய் அப்படியே உறைந்து நின்றார். ஜரிகைப் போர்வை லேசாக அசைந்தது, அடங்கியது. தரையில் எதுவும் விழவில்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனார். வீடியோக்காரர் பின்னாலேயே போனார்.

அன்வர் பாய் என் பக்கம் நடந்து வந்தார்.

"மேடம், எங்க குதிரை இன்னி வரைக்கும் வாசல்ல அசிங்கம் பண்ணது இல்ல."

"இல்ல பாய்."

"எழுதிக்கோங்க," என்றார் அவர்.

எழுதிக்கொண்டேன். பையைக் கழற்றும்போது ஷமீம், "தையலு ஒண்ணு கூட விடல பாருங்க மேடம்," என்று உள்பக்கத்தையே திருப்பிக் காட்டினார். டில்லி அண்ணன் பிரியாணிக்கு முன்னால் இதைப் பார்த்திருக்க வேண்டாம் என்றார்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். அறிக்கையில், பார்த்த இடத்தை எழுதுங்கள். பார்க்காத இடத்தையும் எழுதுங்கள். அடுத்து படிப்பவர், நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்று தெரிந்துகொள்ளட்டும். குழாய் உள்ளே இருக்கும்போது அறையில் இருப்பவர்களின் அவசரத்தைக் கேளுங்கள், ஆனால் அதற்காகக் கையை எடுக்காதீர்கள். வெளியே வந்த பிறகு, குதிரை நாள் முழுக்க என்ன செய்கிறது என்று கேட்காமல் மருந்து எழுதாதீர்கள்.

இன்றைய நிலவரம் இது. நூரிக்கு மறுபடி ஸ்கோப் செய்து பார்த்தோம். இம்முறை முழு வயிற்றையும், முதலிலேயே. கோட்டை ஒட்டிய புண்கள் ஆறி, புதிய வெளிறிய தோல் மூடியிருக்கிறது. குடல் வாயருகே இருந்த சிவந்த திட்டு சிறுத்திருக்கிறது, போகவில்லை. அதற்கு மருந்து தொடர்கிறது. அடுத்த சோதனையை உங்களில் ஒருவர் செய்ய வேண்டும். அன்வர் பாயின் பெரியப்பா மகன் தன் குதிரைக்கும் ஒரு பை வாங்கிக்கொண்டார், ஆனால் இன்னும் ஸ்கோப்புக்குக் கொண்டுவரவில்லை. ஊரில் மற்ற ஊர்வலக் குதிரைகள் கல்யாண நாளில் இப்போதும் பட்டினியாகத்தான் நிற்கின்றன. ஸ்கோப் நல்ல நிலையில் இருக்கிறது. நூரி ஆம்பூரில், அன்வர் பாயின் வீட்டில் இருக்கிறது. வேலைக்குப் போகிறது, சாப்பிட்டுவிட்டு.